கடலடிப் படத்திலும் அளவு சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடித் தரையின் மலைகள், அகழிகள், சமவெளிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். சினிமாவும் அரசியலும் போக மீதமிருக்கும் இடத்தில் இப்படியொரு பொருளுக்கு முழுப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. கட்டுரையாளர் மீது எனக்குப் பெரிய குறை இல்லை. என் வழக்கெல்லாம் அதனுடன் வெளியான படத்தின் மீதுதான்.

அரைப்பக்கப் படம். இடப்பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, தட்டையாக வந்து, சட்டென்று பாறைச்சுவராகக் கீழே இறங்குகிறது. நடுவில் கூர்கூராக ஒரு மலைத்தொடர். வலப்பக்கம் மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழி, அடியே தெரியாத ஒரு பிளவு. பார்க்க அழகுதான். ஆனால் படத்தின் எந்த மூலையிலும் ஓர் அளவுகோல் இல்லை. உயரத்தை எத்தனை மடங்கு இழுத்து வரைந்திருக்கிறார்கள் என்று ஒரு வரியும் இல்லை. பணிக்காலம் முழுவதும் அளவைக் கப்பல்களில் எக்கோ சவுண்டர் என்னும் எதிரொலி ஆழமானி முன்னால் உட்கார்ந்து, கடலின் ஆழத்தை எண்ணெண்ணாகத் தாளில் இறக்கியவன் நான். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

மரியானா அகழியையே எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ 2,550 கிலோமீட்டர், சராசரி அகலம் சுமார் 70 கிலோமீட்டர். அதன் மிக ஆழமான இடம் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. ஆனால் அகழிக்கு வெளியே உள்ள தரையே ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஆழத்தில்தான் கிடக்கிறது. ஆக, அகழி தன் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருப்பது ஐந்தரை கிலோமீட்டர் அளவுக்கே. கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டுப் பாருங்கள். ஏழு சென்டிமீட்டர் அகலம், நடுவில் ஐந்தரை மில்லிமீட்டர் தாழ்வு. உலகின் மிக ஆழமான பள்ளம் அவ்வளவுதான். விளிம்பிலிருந்து அடிவரை சராசரிச் சரிவு ஒன்பது பாகையை ஒட்டி வரும். அதைவிடச் செங்குத்தான தெருக்களில் மனிதர்கள் தினமும் கார் ஓட்டுகிறார்கள். தங்கள் படத்தில் அதே சரிவைப் பாகைமானி வைத்து அளந்தேன்: 72 பாகை. அதாவது ஓவியர் உயரத்தை ஏறத்தாழ இருபது மடங்கு இழுத்திருக்கிறார்.

மற்றவற்றுக்கும் இதே கதிதான். கண்டத்திட்டின் விளிம்பிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் கண்டச்சரிவின் சராசரிச் சாய்வு நான்கு பாகை. இருபது மடங்கு இழுத்தால் அது ஐம்பது பாகையைத் தாண்டிச் சுவராகிவிடும். கண்டத்திட்டின் சாய்வோ ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீரை வடித்துவிட்டு அங்கே ஒருவரை நிறுத்தினால், கரை எந்தப் பக்கம், ஆழ்கடல் எந்தப் பக்கம் என்று அவரால் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

உயரத்தை இழுத்து வரைவதே தவறு என்று நான் சொல்லவில்லை. இழுக்காமல் வரைந்தால் பெருங்கடலின் குறுக்குவெட்டு வெறும் கோடாகத்தான் தெரியும். எங்கள் தாள்களிலும் இழுத்துத்தான் வரைந்தோம். எத்தனை மடங்கு என்பதை ஓரத்தில் எழுதாமல் எந்தத் தாளும் மேலதிகாரியின் மேசைக்குப் போனதில்லை என்பதுதான் வேறுபாடு. ஏனென்றால் சாய்வு வெறும் அழகுச் சமாச்சாரம் அல்ல. ஒரு மலை எப்படிப் பிறந்தது என்பதையே அதுதான் சொல்கிறது. நடுக்கடல் மலைத்தொடர் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு உலகைச் சுற்றி ஓடுகிறது. அட்லாண்டிக்கில் அது ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இரண்டரை கிலோமீட்டர் உயர்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர் ஏற்றம். இவ்வளவு பரந்து, இவ்வளவு மெதுவாக உயரக் காரணம் வெப்பம். முகட்டில் பாறை புதிது. சூடாக இருப்பதால் பருத்து உயர்ந்து நிற்கிறது. புவித்தட்டுகள் விலக விலக அது குளிர்ந்து, சுருங்கி, தாழ்கிறது. முகட்டில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் பிறக்கும் தரை, பல கோடி ஆண்டுகளில் 5,000, 6,000 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. இந்த ஆறிப்போகும் மேட்டைக் கூர்மலையாக வரைந்து கீழே ஒரு வார்த்தையும் எழுதாவிட்டால், இமயமலை போல இதுவும் இரு பக்கமும் நெருக்குண்டு மடிந்து எழுந்தது என்றுதான் வாசகர் எண்ணுவார். உண்மை நேர் எதிர்: அங்கே தரை பிளந்து விலகுகிறது.

இந்த மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் கண்டவர் அமெரிக்க வரைபடவியலாளர் மேரி தார்ப். அவரும் உடன் பணியாற்றிய புவியியலாளர் புரூஸ் ஹீசனும் சேர்ந்து வரைந்த கடலடிப் படங்கள்தான் இன்றைய பத்திரிகைப் படங்களுக்கெல்லாம் தாய். அவர்களும் உயரத்தை மிகைப்படுத்தித்தான் வரைந்தார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. துல்லியமான ஆழக் கோடுகளை வெளியிட அப்போது அமெரிக்கக் கடற்படையின் இரகசியக் கட்டுப்பாடு இடம் தரவில்லை. அதனால் ஒரு மலைநாட்டை விமானத்திலிருந்து பார்ப்பது போன்ற சித்திர முறையைத் தேர்ந்தார்கள். படத்தில் எந்தத் தகவலும் இல்லாத பெரும் பகுதி ஒன்றின் மீது விளக்கக் கட்டத்தை வைத்து மூடினார்கள். அந்த வெற்றிடத்தில் கடற்கன்னிகளையும் மூழ்கிய கப்பல்களையும் வரையத் தனக்கு ஆசை இருந்ததாகவும், ஹீசன் இசையவில்லை என்றும் தார்ப் பின்னாளில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த அம்மையாரைப் பிடிக்கக் காரணமே இதுதான். கடற்கன்னியை வரைந்தால் அங்கே ஒன்றும் தெரியாது என்று பார்ப்பவருக்கு விளங்கிவிடும். தங்கள் ஓவியரோ வெற்றிடம் முழுவதையும் மலைகளால் நிரப்பியிருக்கிறார்.

உண்மையிலேயே செங்குத்தான இடங்கள் கடலடியில் இல்லாமல் இல்லை. எரிமலையாகப் பிறந்த கடல்மலைகளின் பக்கங்கள் பதினைந்து, இருபது பாகை சாய்ந்திருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது போர்க்கப்பல் ஒன்றின் எக்கோ சவுண்டரை ஓயாமல் ஓட விட்ட ஹாரி ஹெஸ் என்ற புவியியலாளர், பசிபிக்கில் உச்சி சீவினாற்போன்ற பல மலைகளைக் கண்டார். ஒரு காலத்தில் தலை வெளியே நீட்டியிருந்து, அலைகளால் மழிக்கப்பட்டு, பிறகு தரையோடு சேர்ந்து அமிழ்ந்தவை அவை. கயாட் என்று பெயரிட்டு 1946-இல் அதைப் பற்றி எழுதினார். இவற்றையெல்லாம் கட்டுரை சரியாகவே சொல்கிறது. படத்தில்தான் எரிமலையும் கண்டச்சரிவும் ஒரே சாய்வில் நிற்கின்றன.

ஆழ்கடல் சமவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் அது ஒரு நீலப் பட்டையாக, வேறு எதையும் வரைய இடமில்லாத மூலையில் கிடக்கிறது. எனக்கோ கடலடியிலேயே ஆகப் பெரிய அதிசயம் அந்தத் தட்டைதான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சாயாத தரை எப்படி உருவாகும்? விடை ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. 1929 நவம்பர் 18 அன்று வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் கடலடியில் நிலநடுக்கம். மையத்துக்கு அருகிலிருந்த தந்திக் கம்பிவடங்கள் உடனே அறுந்தன. அதில் வியப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகும், சரிவில் கீழே கீழே கிடந்த வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே போயின. மொத்தம் 12 வடங்கள். எந்த நேரத்தில் எந்த வடம் செத்தது என்ற குறிப்பு தந்தி நிலையங்களில் இருந்தது. 1952-இல் ஹீசனும் மாரிஸ் யூயிங் என்ற புவி இயற்பியலாளரும் அந்த நேரங்களையும் தூரங்களையும் கோத்துப் பார்த்து, நிலநடுக்கம் கிளப்பிவிட்ட சேற்று வெள்ளம் ஒன்று சரிவில் பாய்ந்து வடங்களை வெட்டிக்கொண்டே போயிருக்கிறது என்று காட்டினார்கள். அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வரை தொட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வெள்ளங்கள் கண்டச்சரிவில் பள்ளத்தாக்குகளை அறுக்கின்றன; அடிவாரத்தில் வேகம் குறைந்து, சுமந்துவந்த மண்ணைப் பரப்பிவிட்டு ஓய்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் இதே வேலை நடந்தால் அடியிலுள்ள குன்றெல்லாம் புதைந்து மேலே தட்டை ஆகிவிடும். பசிபிக்கில் அத்தகைய சமவெளிகள் குறைவு. அங்கே கரையோர அகழிகள் மண்ணை வழியிலேயே வாங்கிக்கொள்கின்றன. அதனால் குன்றுகள் புதையாமல் அப்படியே தெரிகின்றன. தங்கள் படத்தில் அட்லாண்டிக்குக்கும் பசிபிக்குக்கும் ஒரே தரை.

இனி என் இரண்டாவது வழக்கு. இதுதான் கொஞ்சம் கனமானது.

படம் முழுவதையும் ஒரே உறுதியோடு வரைந்திருக்கிறார்கள். எது அளந்தது, எது ஊகித்தது என்று எந்தக் குறிப்பும் இல்லை. பெருங்கடல் தரையில் பெரும்பகுதியை இன்றுவரை எந்தக் கப்பலும் நேரில் அளந்ததில்லை. உலகக் கடலடி முழுவதையும் அளந்து வரைய 2017-இல் தொடங்கிய 'சீபெட் 2030' திட்டத்தின் தொடக்கத்தில், நவீன முறையில் அளக்கப்பட்டது 6 சதவீதம் மட்டும். இப்போது கால் பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது.

அளந்ததாகச் சொல்லும் பகுதியிலும் பழைய அளவுகளை எப்படி எடுத்தோம் என்று வாசகருக்குத் தெரிந்தால் நல்லது. கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலித்துடிப்பு கீழே போகும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் ஆழமென்றால் போய்த் திரும்ப ஆறு நொடி. எதிரொலி வந்ததும் பதிவுக்கருவியின் ஊசி தாளைச் சுட்டு ஒரு கறுப்புப் புள்ளி வைக்கும். அந்தக் கருகல் வாடையும் விரலில் ஒட்டிய சாம்பல்நிறத் தூளும் பணிமுறை முடிந்து சாப்பிட உட்காரும்வரை கூடவே வரும். புள்ளிகள் சேர்ந்து கோடாகி, அந்தக் கோடுதான் கடலடி.

ஆனால் அந்த ஒலி நூல் பிடித்ததுபோல் நேராக இறங்குவதில்லை, விரிந்துகொண்டே போகும். 30 பாகை விரியும் கற்றை, 4,000 மீட்டர் ஆழத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வட்டத்தைத் தொடும். அந்த வட்டத்துக்குள் எது கப்பலுக்கு மிக அருகில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் வந்து சேரும். ஆகவே குறுகிய பள்ளத்தாக்குகள் தாளில் மறைந்துபோகும். கூரான சிகரமோ, கப்பல் அதன் மேல் வருவதற்கு முன்பே தெரியத் தொடங்கி, கடந்த பிறகும் தெரிந்து, இரு முனையும் கீழே தொங்கும் மீசையைப் போல் வளைந்து பதிவாகும். மீசையின் உச்சி மட்டும் மெய். மற்ற பாகம் ஒலியின் விளையாட்டு. புதிதாக வந்தவர்கள் அதை அப்படியே மலை என்று வரைந்து கொண்டுவருவார்கள். பெரியவர்கள் பேசாமல் அழிரப்பரை நீட்டுவார்கள். அதற்குப் பிறகும் வேலை பாக்கி. நீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். அதற்கென்று இருக்கும் அட்டவணையைப் பார்த்து ஒவ்வோர் எண்ணையும் திருத்த வேண்டும்.

போதாததற்குக் கடலுக்கு ஒரு பொய்த் தரையும் உண்டு. சிறு மீன்களும் மற்ற உயிரினங்களும் சில நூறு மீட்டர் ஆழத்தில் அடர்ந்து நிற்கும். ஒலி அவற்றில் பட்டுத் திரும்பித் தரை போலவே பதியும். பொழுது சாய்ந்தால் அந்தத் தரை மேலே ஏறி வரும், விடிந்தால் இறங்கும். கடல் வரைபடங்களில் 'இருப்பு ஐயத்துக்குரியது' என்ற குறிப்போடு நெடுங்காலம் கிடந்த மேடுகள் ஏராளம். அவற்றில் சிலவற்றுக்காவது இதுவே மூலமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இல்லாத ஒன்றை வரைபடத்திலிருந்து நீக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு, பவளக்கடலில் பல வரைபடங்கள் காட்டிவந்த சாண்டி தீவே சான்று. 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வுக்கப்பல் ஒன்று அந்த இடத்துக்கே போனது. தீவு இல்லை, 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமான தண்ணீர்தான் இருந்தது.

கப்பல் போகாத இடங்களுக்குத் தரை எங்கிருந்து வந்தது? செயற்கைக்கோளிலிருந்து. அவை கடலடியைப் பார்ப்பதில்லை. ரேடார் அலை தண்ணீருக்குள் அவ்வளவு தூரம் நுழையாது. அவை அளப்பது கடல்மட்டத்தை. இரண்டாயிரம் மீட்டர் உயரமுள்ள ஒரு கடல்மலையின் ஈர்ப்பு தன் பக்கமாக நீரை இழுப்பதால், அதன் மேலே கடல்மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு உப்பியிருக்கும். பல கிலோமீட்டருக்குப் பரவிய உப்பல் என்பதால் அதன் மேல் போகும் மாலுமிக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். 1997-இல் வால்ட்டர் ஸ்மித், டேவிட் சாண்ட்வெல் என்ற இரு புவி இயற்பியலாளர்கள் இந்த வழியில் உலகக் கடலடி முழுவதுக்கும் ஒரு படம் தந்தார்கள். அபாரமான வேலை, எனக்கு அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் அது கணக்கிட்ட ஆழம், அளந்த ஆழம் அல்ல. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான மலைகளில் பெரும்பாலானவை அதில் தெரிவதில்லை. மண்ணில் புதைந்துபோன பழைய மலை தரைக்கு மேலே நிற்பதுபோலவும் மயக்கும்.

இந்த வேறுபாடு தாளோடு போகிற விஷயம் இல்லை. 2005 ஜனவரி 8 அன்று 'சான் பிரான்சிஸ்கோ' என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி, குவாம் தீவுக்குத் தெற்கே, தன் வரைபடத்தில் இல்லாத ஒரு கடல்மலையின் மீது முழு வேகத்தில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். 2014-இல் மலேசிய விமானம் எம்.எச்.370-ஐத் தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடப் போனபோதும் இதே நிலைதான். கையிலிருந்தது பெரும்பாலும் செயற்கைக்கோள் ஊகம். அடிமட்டத்தில் கருவியை இழுத்துச் செல்லப் போகிறவர்களுக்கு எங்கே மலை, எங்கே பள்ளம் என்று தெரிய வேண்டாமா? ஆகவே விமானத்தைத் தேடும் முன் தரையைத் தேட வேண்டியிருந்தது. முதலில் கப்பல்கள் போய்ப் ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பும் பல்கற்றை சோனாரால் ஆழத்தை அளந்தன, பிறகே தேடல்.

கட்டுரையில் இருக்கும் ஒரே ஓர் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரியானாவின் மிக ஆழமான இடமான சேலஞ்சர் மடுவுக்கு 11,034 மீட்டர் என்று துளி ஐயமின்றி அச்சிட்டிருக்கிறீர்கள். 1957-இல் சோவியத் ஆய்வுக்கப்பல் வித்யாஸ் சொன்ன எண் அது. பள்ளிப் பாடநூல்களில் வாழையடி வாழையாக வந்துகொண்டிருக்கிறது. பின்னாளில் நவீனக் கருவிகள் எடுத்த அளவுகள் எல்லாம் 11,000-க்குக் கீழேதான் வருகின்றன: 10,920, 10,935, 10,994 என்று. ஒவ்வொன்றும் 'கூடுதல் குறைவு இத்தனை மீட்டர்' என்ற பிழை எல்லையோடு வெளியானவை. 'சுமார் 10,900 மீட்டர்' என்று போட்டிருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. 'நிலவை அறிந்த அளவு கடலடியை அறியவில்லை' என்று கட்டுரை முடிகிறது. அது சரி, ஆனால் அந்த வரிக்கு நேர் மேலேதான் அத்தனையும் அறிந்தாற்போன்ற படம்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. உயரத்தை எத்தனை மடங்கு இழுத்தோம் என்று படத்தின் கீழே ஒரு வரி. அளந்த பகுதிக்கு அடர் நீலம், ஊகித்த பகுதிக்கு வெளிர் நீலம். இரண்டாவதற்கு ஓவியப் பிரிவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1903-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் தொடங்கிய கெப்கோ என்ற உலகக் கடலடி வரைபடப் பணி இன்றும் நடக்கிறது. அது வெளியிடும் ஆழத் தரவோடு இன்னொரு அட்டவணையும் வரும்; ஏறத்தாழ 450 மீட்டர் சதுரக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் அது கப்பல் அளந்ததா, செயற்கைக்கோள் வழிக் கணக்கா என்று குறியீடு போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

மரியானா அகழியின் குறுக்குவெட்டை, உயரத்தை ஒரு மடங்குகூட இழுக்காமல் நானே வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு பத்தி அகலத்தில் போட்டால் ஒரு சென்டிமீட்டர் உயரம்கூடப் பிடிக்காது. விளம்பரத்துக்கு இடைஞ்சல் வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடலளவைப் பணியாளர் ஒருவர்